அலையாத்தி மரம் எண்ணும் படிப்புக்கு வேலை உண்டா?

அம்மா, "சேற்றில் இறங்கி மரம் எண்ணுவதற்கு ஒரு படிப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடுகளை ஆராய வேண்டும் என்ற உங்கள் மகளின் ஆசை நல்ல ஆசை. பாடத்தை மட்டும் யோசித்து எடுக்க வேண்டும்.

பி.எஸ்ஸி.யிலேயே கடல்சார் பாடம் என்று குறுக்கிக்கொள்ளாமல், தாவரவியல் எடுக்கட்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், புள்ளியியல் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றாவது இருந்தாக வேண்டும். எம்.எஸ்ஸி.யில் கடல்சார் பாடம் எடுக்க உங்கள் பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகம் இருக்கிறது, பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் உண்டு. கூடவே புள்ளியியல் கட்டாயம். பலர் கோட்டைவிடுவது அங்கேதான்.

இனி வேலை எப்படி இருக்கும் என்று பாருங்கள். தொண்டிக்குப் பக்கத்தில் உள்ள காரங்காட்டு அலையாத்திக் காட்டில் பெரும்பாலும் வெண்கண்டல் என்ற மரம்தான். ஓடைக்கரையிலிருந்து உள்நோக்கிக் கயிறு பிடித்து, 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் போடுவார்கள். முதலில் கன்றுகளை எண்ண வேண்டும். மரத்தை அளக்கப் போனால் கன்றெல்லாம் காலில் மிதிபடும். பென்சில் போல நீட்டி நிற்கும் மூச்சுவேரைக் கன்று என்று எண்ணிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. இலை இருந்தால்தான் கன்று. பிறகு 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவு. வெண்கண்டல் அடியிலேயே பல தண்டாகப் பிரியும். தண்டுகளைத் தனித்தனியே அளந்தாலும் மரக்கணக்கு ஒன்றுதான். சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரத்தில் தாங்குவேர் முடியும் இடத்துக்கு மேலே 30 செ.மீ. விட்டு அளக்க வேண்டும். வெண்கண்டலின் தண்டுக்குள் உள்ள வளையங்கள் ஆண்டுக்கு ஒன்றாக விழுவதில்லை. வயது தெரியாததால், பருமனை வைத்தே மரங்களை வகுப்பார்கள்.

ஒருமுறை எண்ணினால் போதாது. மழைத் தண்ணீரில் உப்புக் குறைந்ததும் கன்றுகள் மந்தையாக முளைக்கும். கோடையில் தேங்கிய நீர் வற்றி உப்புப் பூத்தால் கருகிவிடும், மீதியை ஆடு மேயும். தை மாதம் கன்றுக்கு எண் எழுதிய பட்டை கட்டி, ஆனியில் அதையே தேடிப் பார்த்தால்தான் காடு பெருகுகிறதா, கிழடு தட்டுகிறதா என்று சொல்ல முடியும். இதைத் துல்லியமாகச் செய்பவர்கள் குறைவு, அம்மா. அதனால்தான் தேவை இருக்கிறது.

சம்பளம்? தேசிய அளவிலான நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். ஆய்வுத் திட்ட வேலைகள் இரண்டு மூன்று வருடத்தில் முடிந்துவிடும். இடைவெளியைத் தாங்கும் பணம் வீட்டில் இருக்கிறதா என்று கணக்குப் போடுங்கள்.

சேர்க்கைக்கு முன், வனத்துறைப் படகில் ஒருநாள் காரங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். வெயிலும் கொசுவும் அவளுக்கு ஒத்துவருமா என்று அன்றைக்கே ஓரளவு தெரியும்.