வழிகாட்டியை ஏன் கொன்றீர்கள்?

கேள்வி: ஐயா, என் சாகச நாவலின் முதல் மூன்று அத்தியாயங்களை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். கொழும்பிலிருந்து வரும் மூன்று இளைஞர்கள், அழிந்துபோன வேடர் குலத்தின் புதையலைத் தேடி வெருகலுக்கு மேற்கே காட்டுக்குள் போகிறார்கள். பழங்குடி வரலாற்றையும் காட்டைக் காக்க வேண்டும் என்ற செய்தியையும் சேர்த்திருக்கிறேன். செய்தி கூடினால் விறுவிறுப்புக் கெட்டுவிடும் என்கிறார்கள் நண்பர்கள். எதைக் குறைப்பது?
(வாசகர், திருகோணமலை)

பதில்: தம்பி, உங்கள் கேள்விக்கு வருமுன் நான் ஒன்று கேட்கிறேன். மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வேடக் கிழவரை ஏன் கொன்றீர்கள்?

அவருக்குத் தடம் பார்க்கத் தெரியும். எந்தப் பள்ளத்தில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். முறிந்த கொப்பைத் தொட்டுப் பார்த்து, யானை போய் எவ்வளவு நேரம் என்று சொல்கிறார். உங்கள் கதையில் காட்டைப் பற்றி ஏதாவது தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். அவரைப் புலிக்குக் கொடுத்துவிட்டு, தொப்பியும் கைப்பேசியுமாக வந்த மூன்று பேரிடம் கதையை ஒப்படைத்துவிட்டீர்கள். அவருக்காக அவர்கள் அழுவது இரண்டு வரி. அடுத்த பக்கத்தில் மீன் சுட்டுத் தின்கிறார்கள். படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை.

இந்தப் பிழை உங்களோடு தொடங்கியதும் இல்லை. எங்கள் மேசைக்கு வரும் காட்டுக் கதைகளில் வேடர் வழிகாட்டியாக வருகிறார், பாதி வழியில் சாகிறார். அவர் உயிரோடு இருந்தால் நாயகனுக்குச் செய்ய வேலை இருக்காது. அவருடைய அறிவு வேண்டும், அவர் வேண்டாம். காட்டு நிலத்தைப் பொறுத்தவரை அவர்களுக்கு நடந்ததும் ஏறத்தாழ இதுதான்.

'அழிந்துபோன' என்ற சொல்லை முதலில் அடித்துவிடுங்கள். நீங்கள் இருக்கும் நகரத்திலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்தால் மூதூர். அங்கிருந்து கிழக்கே இளக்கந்தை, பாட்டாளிபுரம் பக்கமும், தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கமும், பிறகு மட்டக்களப்பு மாவட்டத்து வாகரை வரையும் கரையோர வேடர் வாழ்கிறார்கள். தேன் எடுக்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், களப்பில் மீன் பிடிக்கிறார்கள். 2006இல் மாவிலாற்று நீர்ப் பிரச்சினையோடு போர் மூண்டபோது அந்தப் பகுதி மக்களோடு அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள் படிக்கும் அதே பாடப்புத்தகத்தைப் படிக்கிறார்கள். மானிடவியலாளரான செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கரையோர வேடருக்கென ஓர் அத்தியாயமே இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருப்பவர்களையும் ஒரு லாஞ்சுப் பயணத் தூரத்தில் இருப்பவர்களையும் அழிந்தவர்கள் என்று எழுத ஒரு கை துணிகிறது என்றால், அந்தக் கை அந்தப் பக்கம் போய் வரவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அவர் பேசும் தமிழையும் திருத்துங்கள். 'நான் காடு அறிவேன், நீ போகாதே' என்று அவரைக் கொன்னைத் தமிழ் பேச வைத்திருக்கிறீர்கள். தம்பானைப் பக்கத்து உள்நாட்டு வேடரின் பேச்சு சிங்களத்தோடு கலந்தது. கரையோர வேடரின் பேச்சோ தமிழ். கொட்டியாரத்துக் கிழவர் ஒருவர் பேசும் தமிழும் உங்கள் அப்பாச்சியின் தமிழும் பெரிதாக வேறுபடாது. அவர் வாயைக் குழறச் செய்தது நீங்கள்.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய கடன் இருக்கிறது. 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டார். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்க முயற்சிகளில் அது ஒன்று. ஐரோப்பாவில் வழங்கிய பழங்கதையின் தமிழ் வடிவம். காட்டில் கரடியிடம் வளர்ந்த பிள்ளையின் கதை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், இதே ஊரவரான சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' வந்தது. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். அதன் களம் நாயக்கர் காலத் தமிழகம். இந்த இரண்டு பேரையும் நினைத்து நான் பெருமைப்படுகிறேன். ஆனால் கரடி வளர்த்த பிள்ளைக்காக ஐரோப்பாவுக்குப் போனபோது, தம்பலகாமத்துக்கு அப்பால் பாலைமரக் காட்டில் கரடி பழம் தின்றுகொண்டிருந்தது. அது கதைக்குள் வரவில்லை. நூற்று முப்பது ஆண்டுகள் போய்விட்டன. நீங்கள் அதைக் கொண்டுவருவீர்கள் என்று நம்பித்தான் இவ்வளவு கண்டிக்கிறேன்.

கொண்டுவந்திருப்பதோ வரிப்புலியை. இலங்கைக் காட்டில் வரிப்புலி கிடையாது. சிங்கமும் கிடையாது, ஓநாயும் கிடையாது. நம்மவர் புலி என்று சொல்வது சிறுத்தையை. காட்டுக்குப் போய்ப் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சிறுத்தையைவிடக் கரடிக்கே அவர்கள் அதிகம் அஞ்சுவார்கள். கரடிக்குக் கண்பார்வை மட்டம். நீங்கள் கிட்ட வந்த பிறகுதான் அது உங்களை அறியும், அறிந்த கணமே முகத்தைப் பார்த்துப் பாயும். வைகாசி, ஆனியில் பாலைப்பழம் பழுக்கும் நாட்களில் எந்த மரத்தடியில் எப்போது நிற்கலாம், எப்போது நிற்கக்கூடாது என்பது உயிர் தொடர்பான அறிவு. அந்த அறிவை வைத்து ஓர் அத்தியாயம் எழுதினால் உங்கள் நண்பர்கள் கேட்கும் விறுவிறுப்பு தானாக வரும்.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். 1660இல் கொட்டியாரத்தில் கரையிறங்கிய ஆங்கிலக் கப்பலோட்டிகளைக் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் ரொபர்ட் நொக்ஸ். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்து, 1679இல் அருவியாற்றை ஒட்டிக் காட்டு வழியே நடந்து, மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் அச்சானது. சாகசக் கதை எழுத விரும்புகிற எவருக்கும் கண் அந்தத் தப்பியோட்டத்தின் மேல்தான் போகும். நான் உங்களைப் பார்க்கச் சொல்வது அதே நூலில் உள்ள ஒரு சிறிய பத்தியை.

வேடருக்கு அம்பு முனை வேண்டுமானால், இரவில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லனின் பட்டறையில் தொங்கவிடுவார்களாம். பக்கத்தில், வேண்டிய முனையின் வடிவத்தில் வெட்டிய ஓர் இலையையும் தொங்கவிடுவார்களாம். கொல்லன் அந்த இலையைப் பார்த்து அடித்து, அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். வைத்தால் மேலும் இறைச்சி வரும். வைக்காவிட்டால் ஏதோ ஓர் இரவில் இருட்டிலிருந்து அம்பு வரும். இறைச்சியை மரப்பொந்தில் தேனூற்றி வைத்துக் களிமண்ணால் அடைத்துப் பாதுகாத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறார்.

அந்தப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இரண்டு பேர். நடுவில் ஓர் இலை. கொல்லன் காலையில் எழுந்து வருகிறான், இறைச்சி தொங்குகிறது, இலையைக் காணவில்லை. காற்று அடித்துக்கொண்டு போய்விட்டதா, யாராவது எடுத்தார்களா? இன்றிரவுக்குள் அவன் ஏதாவது ஒரு வடிவத்தை அடித்தாக வேண்டும். பிழைத்தால் உயிர் போகும். கைதியின் கதையை அவரே எழுதிவிட்டார். கொல்லனின் கதையும் இலையை வெட்டியவளின் கதையும் எழுதப்படாமல் கிடக்கின்றன. ஆம், வெட்டியவள். அந்த இலையை ஒரு பெண் வெட்டியிருக்கக்கூடாதா? நொக்ஸ் பார்த்ததும் கேட்டதும் உள்நாட்டு வேடரைப் பற்றி. அதைக் கொட்டியாரத்துக்கு அப்படியே பெயர்த்து நடாதீர்கள். கதைக்குள்ளும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும்.

அடுத்தது, உங்கள் வனப் பாதுகாப்பு. ஓர் அதிகாரியைக் கொண்டுவந்து இரண்டரைப் பக்கம் பேச வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள், சரியாகவே செய்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அந்தப் பேச்சில் காட்டைக் கெடுப்பவர்கள் வேட்டைக்காரர், விறகு வெட்டிகள், தேன் எடுப்பவர்கள். வேட்டைக்காரர் யார் என்பதில் ஒரு வரலாறு இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் மேஜர் ரொஜர்ஸ் என்ற ஒருவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. யானையைக் கொன்றால் அரசே பணம் கொடுத்த காலமும் இருந்தது. அதெல்லாம் வீரமாக எழுதப்பட்டது. பின்னர் 1937இல் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது தேவையான சட்டம், அதில் எனக்கு ஐயமில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா அறிவிக்கப்பட்டபோது, அங்கே தலைமுறை தலைமுறையாக வில்லோடு திரிந்த வேடருக்கு அவர்களுடைய காடே தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. மகாவலித் திட்டக் குடியேற்றங்களுக்கு அவர்களை மாற்றினார்கள். தம்பானையின் தலைவர் திசாஹாமி போக மறுத்து அங்கேயே இருந்தார். 1998இல் இறக்கும்வரை அவர் மனம் மாறவில்லை.

காட்டைக் காக்க வேண்டும் என்று எழுதுகிறவர் இந்த இரண்டையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். காடு காக்கப்பட வேண்டும். காப்பதன் பெயரால் அதை நன்றாக அறிந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க அதிகாரியின் பேச்சு உதவாது. கதையால் முடியும், ஏனென்றால் கதையில் ஒருவர் வேலியின் இரண்டு பக்கமும் நிற்கலாம். தகப்பன் தேனெடுக்கப் போனதற்காகப் பிடிபட்டவர், மகன் வனவிலங்குத் திணைக்களத்தில் காவலாளி என்று ஒரு வீட்டை நினையுங்கள். இரவுச் சாப்பாட்டில் இருவரும் என்ன பேசுவார்கள்?

கொள்ளைக்காரனும் உங்களுக்குத் தேவையென்றால், புதையலை விட்டுவிடுங்கள். புதையல் தோண்டுகிறோம் என்று இந்த நாட்டின் பழைய இடிபாடுகளை உடைத்தவர்கள் போதும். அது சட்டப்படி குற்றமும்கூட. கட்டுத்துவக்கை எடுங்கள். பன்றிக்கென்று காட்டுப் பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி, அது இழுபட்டால் வெடிக்கும்படி மறைத்துக் கட்டிய துப்பாக்கி. காலையில் போன பாதையில் மாலையில் திரும்பி வரும்போது அந்தக் கம்பி இருக்கிறது. அது பன்றி, சிறுத்தை, மனிதன் என்று ஆள் பார்க்காது. பூசணிக்காய்க்குள் வெடி வைத்து யானையின் வாயைச் சிதைப்பவர்களும் இருக்கிறார்கள். 2019இல் மட்டும் இந்தத் தீவில் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன, யானையால் 100க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தார்கள். வயலை இழந்த விவசாயியை வில்லனாக்காமல் இதை எழுத முடிந்தால் நீங்கள் எழுத்தாளர்.

களத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகாவலி கடலைத் தொடுமுன், மேற்கே விரிந்து கிடக்கும் வெள்ள நிலத்தில் 'வில்லு' என்று சொல்லும் நீர்நிலைகள் இருக்கின்றன. மாரியில் ஆறு பொங்கி அவற்றை நிரப்பும். கோடையில் நீர் வற்ற வற்றப் புல் முளைக்கும், யானைகள் கூட்டமாக இறங்கும். ஒரே இடம் ஆறு மாதம் ஏரி, ஆறு மாதம் புல்வெளி. உங்கள் மூன்று அத்தியாயங்களிலும் காடு 'அடர்ந்த', 'இருண்ட', 'பயங்கரமான' என்று இருக்கிறது. மாதம் என்ன என்று எங்கும் இல்லை. மாரியா கோடையா என்று தெரியாமல் கிழவர் எப்படி வழி சொன்னார்?

நான்காம் அத்தியாயத்தை இப்போது அனுப்ப வேண்டாம். வைகாசியில் மூதூருக்கு லாஞ்சு ஏறுங்கள். யாராவது உங்களோடு பேச விரும்பினால் கேளுங்கள், விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் திரும்பி வாருங்கள். பிறகு மூன்றாவதைத் திரும்ப எழுதி அனுப்புங்கள். கிழவர் உயிரோடு இருக்கட்டும். இளைஞர்கள் மூவரும் அவர் பின்னால் நடக்கட்டும்.