காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்த விடுப்புக் கடிதம்

கேள்வி: நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. கீமோவுக்கும், அதன்பின் ஐந்து வாரக் கதிர்வீச்சுக்கும் நான்தான் உடன் சென்றேன். பத்தாம் வகுப்பில் 500-க்கு 487 எடுத்தவள், இப்போது கணிதத்தில் 78, இயற்பியலில் 82, வேதியியலில் 88 மட்டுமே எடுத்திருக்கிறேன். அக்காவுக்கு வரன் பார்ப்பதால் விஷயம் வெளியே தெரிய வேண்டாம் என்று அப்பா சொன்னார். அதனால் பள்ளியில் எனக்குக் காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். பெரிய கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அம்மாவின் நோயைக் குறிப்பிடலாமா? அது அனுதாபம் தேடுவது ஆகிவிடாதா?
வாசகி, கும்பகோணம்

பதில்:

மகளே, தேர்வு முடிவுகள் வரும் காலத்தில் இதே துயரத்தோடு எனக்குப் பல கடிதங்கள் வருகின்றன. அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்காக உன்னைப் பாராட்டப் போவதில்லை, அது பெற்ற பிள்ளையின் கடமை. மதிப்பெண்ணைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் உன் கட்-ஆஃப் 200-க்கு 163. ஏன் குறைந்தது என்று எழுத அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. டெல்லிப் பல்கலைக்கழகம் 2022 முதல் இளநிலை இடங்களை கியூட் நுழைவுத் தேர்வை வைத்தே நிரப்புகிறது. அங்கே உன் 78 உன்னைக் கீழே இழுக்காது. கட்டுரையும் நேர்காணலும் வைத்து மாணவரைத் தேர்ந்தெடுக்கும் அசோகா போன்ற தனியார் பல்கலைக்கழகங்களில்தான் உன் கேள்விக்கே பொருள் உண்டு. அங்கே நோயைத் தாராளமாகக் குறிப்பிடலாம். என்ன நோய், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை சிகிச்சை, வீட்டில் நீ ஏற்ற பொறுப்பு என்ன என்று நான்கைந்து வரிகளில் எழுது. நடந்ததை நடந்தபடி எழுதுவது அனுதாபம் தேடுவது ஆகாது.

ஆனால் நீ எழுதுவதைப் படிக்கிறவர்கள் பள்ளி என்ன சொல்கிறது என்றும் பார்ப்பார்கள். உன் பள்ளி என்ன சொல்லும்? அடிக்கடி காய்ச்சல் என்று விடுப்பு எடுத்த பெண், பத்தாம் வகுப்புக்குப் பிறகு படிப்பில் கவனம் சிதறிப்போன பெண் என்றுதான் அவர்களுக்கு உன்னைத் தெரியும். நீ ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த விடுப்புக் கடிதத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வாரத்தில் ஐந்து நாள் கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில், அம்மாவின் சிகிச்சை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடுவதற்குள் ஒரு கணக்கையாவது போட்டுவிடலாம் என்று உட்கார்ந்திருந்த பெண்ணைப் பற்றி வகுப்பாசிரியைக்கு ஒரு வார்த்தை தெரிந்திருந்தால், விட்டுப்போன பாடத்தை மாலையில் நடத்தியிருப்பார். இல்லையென்றால் குறிப்பேட்டையாவது யாரிடமாவது கொடுத்து அனுப்பியிருப்பார். உன் மதிப்பெண்ணைக் குறைத்ததில் நோய்க்கு எவ்வளவு பங்கோ, அதை மறைத்ததற்கும் அவ்வளவு பங்கு உண்டு.

இனி எழுதுவதை உன் அப்பா படிக்கட்டும். ஐயா, மூத்த மகளின் திருமணத்தைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மனைவியின் நோயை ஊரிடமிருந்து மறைக்கும் சுமையைப் பதினேழு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றியது நியாயமே இல்லை. உறவுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் ஒரு சித்தியோ அத்தையோ வந்து பத்து நாள் சமையலைப் பார்த்திருப்பார்களே! பரம்பரை நோய் என்று வரன் தட்டிப்போகும் என அஞ்சுகிறீர்கள். மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான் பரம்பரையாக வருவது. அந்தச் சிறு சாத்தியத்துக்காகவே உங்கள் இரு பெண்களும் தங்கள் மருத்துவரிடம் அம்மாவின் நோயைச் சொல்லியாக வேண்டும். எந்த வயதில் பரிசோதனையைத் தொடங்குவது என்பதை அவர் அதைக் கேட்டுத்தான் முடிவு செய்வார். மறைத்துச் செய்து வைக்கும் திருமணத்தில், பெரியவள் புகுந்த வீட்டில் அந்தப் பரிசோதனைக்கு என்ன காரணம் சொல்லிக் கிளம்புவாள்? தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அந்தத் துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை; ஊரறியப் பேசி, பணம் திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கி வைத்தார். அவர் காலத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சினார்கள். இன்றும் நாம் அஞ்ச வேண்டுமா?

மகளே, உன் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. அப்பா சொல்லைத் தட்டாதது சரி. ஆனால் ஆசிரியையிடம் மட்டுமாவது சொல்கிறேன் என்று நீ அப்பாவிடம் ஒருமுறைகூடக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. பெற்றோரிடம் வாதாடுவதும் பிள்ளைகளின் கடமைதான். இப்போதாவது கேள். இந்த வாரமே அப்பாவை அழைத்துக்கொண்டு பள்ளிக்குப் போ. டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலையும், நோய்க்கு முந்தைய பதினோராம் வகுப்பு மதிப்பெண் பட்டியலையும் எடுத்துக்கொள். காய்ச்சல் என்று எழுதியது பொய் என்பதை முதலில் நீயே சொல். அதன் பிறகு, விண்ணப்பத்தோடு இணைக்க, நடந்ததைச் சொல்லும் ஒரு கடிதத்தைத் தலைமையாசிரியையிடம் கேள். வகுப்பாசிரியை கோபித்துக்கொண்டால் பதில் பேசாமல் கேட்டுக்கொள். உன்னிடம் கோபித்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு.