எந்தக் குட்டையில் இறங்குவது?

கேள்வி: பெஸ்தாரி ஜெயாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய் என்றுதான் சொல்வார்கள். வயது 31. செம்பனை ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். இடையில் பகுதிநேரமாகச் சுற்றுச்சூழல் அறிவியலில் முதுகலை முடித்தேன், பாடவழியில், ஆய்வுவழியில் அல்ல. அடுத்து "இயற்கை வளங்களின் நிலையான பயன்பாடு" என்ற துறையில் பி.எச்டி. செய்ய ஆசை. மூன்று யோசனைகள் உண்டு: ஆலைக் கழிவுநீர், செம்பனைக் கொட்டை ஓட்டில் கரி தயாரிப்பது, கம்போங் குவாந்தான் மின்மினிகள். எதை எடுக்கலாம்? எங்கள் ஆலையின் ஆறு வருடக் கழிவுநீர்க் கணக்கு என் கையில் இருக்கிறது, பயன்படுத்தலாமா? வேலையை விட வேண்டுமா? தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா, தன் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைத் தருகிறேன் என்கிறார். வழி சொல்லுங்கள்.

பதில்: துறைப் பெயரை முதலில் ஓரமாக வையுங்கள், சகோதரி. விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப அது போதும், ஆய்வுக்குப் போதாது. "செம்பனைத் தொழிலில் நிலைத்தன்மை" என்று முன்மொழிவு எழுதுகிறவர்கள் முதல் வருடம் முழுக்கப் படித்துக்கொண்டே இருப்பார்கள். எதை அளப்பது என்று தெரியாததால் கையில் ஓர் எண்கூட இருக்காது. மூன்று வருடத்தில் அளந்து முடிக்கக்கூடிய ஒரு கேள்விதான் வேண்டும். உங்கள் மூன்று யோசனைகளையும் அந்தக் கண்ணோடு பார்ப்போம்.

ஓட்டுக் கரியை விட்டுவிடலாம். கொட்டை ஓட்டை ஆலைகள் கொதிகலனில் எரிக்கின்றன, மிஞ்சினால் விற்கின்றன. ஜப்பானின் மின் நிலையங்கள் வரைக்கும் அது கப்பல் ஏறுகிறது. விலை போகிற பொருளைக் "கழிவு" என்று எழுதினால் தேர்வாளர் முதல் கேள்வியை அங்கேயே தொடங்குவார். அதற்குப் பதில் பழம் உதிர்த்த பின் மிஞ்சும் காலிக் குலையை எடுக்கலாமே என்றால், அதில் பாதிக்கு மேல் ஈரம். உலர்த்தச் செலவாகும் வெப்பத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. போதாததற்கு, கரியை 300 முதல் 700 டிகிரி வரை சுட்டுப் பார்த்த கட்டுரைகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.

மின்மினி அழகான தலைப்பு. ஆனால் உங்கள் கை வேதியியலில் பழகிய கை. சிலாங்கூர் ஆற்றின் கரையிலுள்ள பெரம்பாங் மரங்களில் மின்னுவது வளர்ந்த பூச்சி. அதன் புழு ஈரமான கரை மண்ணில் நத்தையைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் எண்ணினால் பாதிக் கதைதான் கிடைக்கும். இரவில் படகு, ஓதம் (கடலின் ஏற்ற இறக்கம்) பார்த்துப் பயணம், பூச்சியியல் தெரிந்த மேற்பார்வையாளர் என்று மூன்றும் வேண்டும். மூன்றும் தானாக அமைந்தால் போங்கள், தேடி அலைய வேண்டாம்.

மிஞ்சுவது கழிவுநீர். உங்கள் பலமும் அதுதான். ஒரு டன் குலைக்கு அரை டன் முதல் முக்கால் டன் வரை கழிவுநீர் வரும். புதிதாக வரும்போது அதன் பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். 1977ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆற்றில் விடும்போது 100-க்குள் இருக்க வேண்டும், சில ஆலைகளின் உரிமத்தில் இன்னும் குறைவு. இதெல்லாம் நீங்கள் தினம் பார்க்கும் எண்கள். 100-ஐத் தாண்டுகிறதா இல்லையா என்பது அமலாக்க அதிகாரியின் கேள்வி, முனைவர் பட்டத்துக்கு அது போதாது. எப்போது தாண்டுகிறது, ஏன் தாண்டுகிறது, அது ஓடையில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதில்தான் ஆய்வு இருக்கிறது.

ஒரு கணக்கு போடுவோம். மணிக்கு 45 டன் அரைக்கும் ஆலை 20 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 900 டன் குலை. டன்னுக்கு 0.65 என்று வைத்தால் 585 கனமீட்டர் கழிவுநீர். சுத்திகரிப்புக் குளங்களில் 60 நாள் தங்க வேண்டுமானால் மொத்தக் கொள்ளளவு 35,100 கனமீட்டர் வேண்டும். வரைபடத்தில் அது இருக்கும். ஆனால் வண்டல் மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டால் தங்கும் காலம் 40 நாளாகச் சுருங்குகிறது. அதன்மேல் பழம் கொட்டும் மாதங்களில் ஆலை கூடுதல் நேரம் ஓடும், திறந்த குளத்தில் மழையும் சேரும். காற்றில்லாக் குளத்தின் நுண்ணுயிர்கள் வேலையை முடிக்கும் முன்பே நீர் அடுத்த குளத்துக்குத் தள்ளப்படுகிறது. குளங்கள் தவறுவது பெரும்பாலும் இப்படித்தான். வண்டலின் ஆழத்தைக் கோல் விட்டு அளந்து, தங்கும் நாளோடும் ஓடையின் நிலையோடும் இணைத்துப் பார்த்தால் அளக்கக்கூடிய கேள்வி பிறக்கிறது: தங்கும் நாள் இத்தனையாகக் குறையும்போது, கீழே ஓடும் ஓடை எத்தனை கிலோமீட்டர் போன பிறகு பழைய நிலைக்குத் திரும்புகிறது?

இங்கே அநேகர் இடறுவது நீரோட்டத்தை அளக்காமல் விடுவதில். அடர்த்தி மட்டும் தெரிந்தால் மழை நாளில் ஓடை "சுத்தமாகிவிட்டது" என்று தோன்றும். நீர்த்துப் போயிருக்கும், அவ்வளவுதான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உள்ள நீர் விநாடிக்கு ஒரு கனமீட்டர் ஓடினால் நாளொன்றுக்கு 86.4 கிலோ என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மோனியா நைட்ரஜன் 4 மில்லிகிராம், ஓட்டம் அரை கனமீட்டர் என்றால் 172.8 கிலோ. வேகமானியை நீர்மட்டத்திலிருந்து ஆழத்தின் 0.6 பங்கில் பிடிக்க வேண்டும். கருவி கிடைக்காத நாளில் ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கினால் தோராயமான சராசரி கிடைக்கும். ஆய்வேட்டில் அதைத் தோராயம் என்றே எழுதுங்கள்.

இடம் தேர்வதிலும் உங்கள் ஊருக்கென்று ஒரு பொறி இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் ஏராளம். ஓடை ஒரு குட்டைக்குள் புகுந்து வெளியே வந்தால், சேறு அங்கே படிந்துவிடும், நீரும் கலந்து நீர்த்துவிடும். "ஓடை தானாகத் தேறிவிட்டது" என்று எழுதிவிடுவீர்கள், தேற்றியது குட்டை. ஆகவே வெளியேற்றும் வாய்க்கும் கடைசி நிலையத்துக்கும் நடுவில் குட்டை இல்லாத ஓடையாகப் பாருங்கள். கோல சிலாங்கூர் பக்கம் போகப் போக வேறொரு சிக்கல்: ஓதம் ஏறும்போது நீர் பின்னோக்கி வரும். உங்கள் "மேல்நிலை" நிலையத்திலும் கீழ்நிலை நீர்தான் நிற்கும். அம்மோனியாவுக்கு ஆலை மட்டும் காரணம் என்றும் நினைக்காதீர்கள். உரம் போட்ட வாரம், லயத்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) கழிவறைத் தொட்டி, மாட்டுக் கொட்டகை எல்லாம் அதே ஓடையில்தான் வந்து சேரும். தோட்டத்தில் உரம் போடும் தேதிகளைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நிலையம், நிலையத்துக்கு மூன்று மாதிரி, 12 மாதம் என்றால் 180 மாதிரிகள். மலேசிய நீர்த்தரக் குறியீட்டின் ஆறு அளவைகளையும் பார்த்தால் 1,080 முடிவுகள். கேட்கப் பெரிதாக இருந்தாலும் ஒருவர் செய்து முடிக்கலாம். பத்து நிலையம் என்று ஆசைப்பட்டால் முடியாது. பி.ஓ.டி.க்கு மட்டும் ஒரு பயணத்தின் 15 மாதிரிகளுக்கும் மூன்று நீர்ப்பு (வெவ்வேறு அளவில் நீர்த்த கலவை) வைத்தால் 45 புட்டி, வெற்று நீருக்கும் சரிபார்ப்புக்கும் தனி. ஒரு புட்டி 300 மில்லிலிட்டர். பல்கலைக்கழகத்தின் இன்குபேட்டரில் (ஒரே வெப்பநிலையில் வைக்கும் பெட்டி) உங்களுக்கு அத்தனை இடம் கொடுப்பார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

மாதிரியைக் கீழ்நிலையிலிருந்து மேல்நிலை நோக்கி எடுத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கலக்கிய சேறே அடுத்த புட்டியில் வந்து விழும். கரைந்த ஆக்சிஜனை அந்த இடத்திலேயே அளந்துவிடுங்கள், அதுவும் மாதாமாதம் ஒரே நேரத்தில். விடிகாலையில் குறைந்தும், பாசியுள்ள நீரில் பிற்பகலில் உயர்ந்தும் காட்டும். குறியீட்டில் அதிக எடை, 0.22, அதற்குத்தான். ஒரு மாதம் காலை 7 மணிக்கும் மறுமாதம் 3 மணிக்கும் போனால் நீங்கள் அளந்தது சூரியனை. பி.ஓ.டி. மாதிரி ஐஸ் பெட்டியில் 4 டிகிரியில் இருக்க வேண்டும். 48 மணி நேரம் கடைசி எல்லை, 24 மணிக்குள் தொடங்குவது நல்லது. சி.ஓ.டி.க்கும் (வேதிப்பொருளால் அளக்கும் ஆக்சிஜன் தேவை) அம்மோனியாவுக்கும் உள்ள புட்டிகளில் கந்தக அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கிவிட்டால் அவசரம் தணியும். அமிலம் விட்ட புட்டியை பி.ஓ.டி.க்கு எடுத்துவிடாதீர்கள், மூடியில் வண்ணம் பூசுங்கள்.

இன்னொரு கண்ணி. ஆலை விதிமுறையின் பி.ஓ.டி. 30 டிகிரியில் மூன்று நாள். ஆற்று நீருக்குப் பொதுவாகப் பார்ப்பது 20 டிகிரியில் ஐந்து நாள். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தேர்வாளர் விடமாட்டார். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் எல்லா மாதிரிகளுக்கும் இரண்டு முறையிலும் செய்யுங்கள். புட்டியும் இன்குபேட்டரும் இரட்டிப்பாகும், நிலையத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாள் கணக்கு முக்கியம். செவ்வாயில் தொடங்கினால் ஐந்தாம் நாள் ஞாயிறு. வியாழனில் தொடங்கினால் மூன்றாம் நாள் ஞாயிறு. திங்களும் புதனும் சனிக்கிழமையில் போய் முட்டும். இரண்டும் வேலை நாளில் விழுவது வெள்ளிக்கிழமை தொடங்கினால் மட்டுமே: திங்களன்று ஒன்று, புதனன்று ஒன்று. வெள்ளியன்று தொழுகை இடைவேளையில் ஆய்வுக்கூடம் பூட்டியிருக்கலாம், அதற்கு முன் போய்ச் சேருங்கள் அல்லது பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குங்கள். ஐந்து நாள் என்பதில் ஆறு மணி நேரம் முன்பின் ஆகலாம், அதற்கு மேல் கூடாது.

இனி உங்கள் ஆலையின் கணக்கு. எங்கள் கருத்து: வேண்டாம். மேலாளர் வாய்வார்த்தையாகச் சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் மாற்றலாகிப் போன அன்றோடு அந்த அனுமதியும் போய்விடும். நிறுவனத் தலைமையகத்தின் கடிதம் இல்லாமல் எடுத்த எண்களை நான்காம் வருடத்தில் நீக்கச் சொன்னால் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே காணாமல் போகும். அது மட்டுமில்லை, சம்பளம் கொடுக்கும் ஆலை எல்லையைத் தாண்டியதாக உங்கள் எண்ணே சொன்னால் என்ன செய்வீர்கள்? வேறு நிறுவனத்தின் ஆலையைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தில் மூன்று விஷயம் இருக்கட்டும்: எந்தத் தரவு, எந்தக் காலத்துக்கு; ஆலையின் பெயர் வெளிவராது என்பது; முடிவு எதுவானாலும் வெளியிட உங்களுக்கு உரிமை உண்டு என்பது. மூன்றாவதைத் தர மறுத்தால் அந்த ஆலையையும் விடுங்கள். லயத்து மக்களையோ மீனவர்களையோ பேட்டி காண்பதாக இருந்தால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். ஒப்புதல் படிவத்தைத் தமிழிலும் மலாயிலும் தயார் செய்யுங்கள்.

பல்கலைக்கழகத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். செர்டாங்கில் புத்ரா, பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகமும் அதன் சுற்றுச்சூழல் ஆய்வு மையமான லெஸ்தாரி கழகமும், தலைநகரில் மலாயா, எல்லாமே காரில் போய்வரும் தூரம். தேட வேண்டியது ஆளை. கடந்த ஐந்து வருடத்தில் நீர்த்தரம் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள், இப்போது அவரிடம் எத்தனை மாணவர்கள், வேதிப்பொருளுக்கு அவரிடம் ஆய்வு மானியம் இருக்கிறதா என்பதையெல்லாம் பாருங்கள். ஒரு பக்கத்தில் கேள்வி, முறை, இடம், உங்கள் ஆய்வுக்கூட அனுபவம் ஆகியவற்றை எழுதி மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். உங்கள் முதுகலை பாடவழி என்பதால் ஆராய்ச்சி முறையியல் பாடம் ஒன்றை முதலில் முடிக்கச் சொல்லலாம். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

பட்டத்துக்கு முன் ஸ்கோப்பஸ் போன்ற பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. மதிப்பீடு முடிய மாதக்கணக்காகும், முதல் கட்டுரை இரண்டாம் வருட முடிவில் போயிருக்க வேண்டும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று அழைப்பவர்களை நம்பாதீர்கள்.

பணம்: அப்பாவின் சேமிப்பைத் தொடாதீர்கள். அவருக்கு மாதச் சம்பளம் இனி இல்லை. உங்கள் சொந்த ஈ.பி.எஃப்.பின் செஜாத்ரா கணக்கிலிருந்து கல்விக் கட்டணத்துக்கு எடுக்க வழி உண்டு, அதைப் பாருங்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற மானியம் வைத்திருக்கும் மேற்பார்வையாளர் உங்களை ஆய்வு உதவியாளராக அமர்த்திக்கொள்ள முடியும். அப்படி எழுத்தில் கிடைத்தால் வேலையை விட்டு முழுநேரமாகச் சேருங்கள், மூன்று வருடத்தை இலக்காக வைக்கலாம். கிடைக்காவிட்டால் பகுதிநேரம், நான்கு வருடத்துக்குக் குறையாது. பகுதிநேரம் என்றால் விடுப்புக் கணக்கை இப்போதே போட்டுப் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டியவருக்குச் சட்டப்படி ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள். மாதிரி எடுக்க மாதம் ஒரு வெள்ளிக்கிழமை என்றால் 12 நாள் போகும். திங்களும் புதனும் புட்டியைப் படிக்க நீங்கள் வர முடியாது. அதற்கு இன்னொரு மாணவரோடு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், அவருடைய வேலை நாளில் நீங்கள் கைகொடுப்பதாக. மீதி நான்கு நாளில் ஒன்று முன்மொழிவைக் குழுவின் முன் வைக்கும் நாளுக்கு. இன்னொன்றை மழையில் வீணாகும் வெள்ளிக்கிழமைக்கு ஒதுக்கிவிடுங்கள்.