நம்ம ஊருக்குன்னு ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருஷமாக ஆசிரியையாக இருக்கிறேன். அக்டோபர் கடைசியில் ஆரம்பித்தால் நவம்பர் முடியும்வரை எங்களுக்கு நாள் கொண்டாடவே நேரம் சரியாகப் போய்விடுகிறது. 31ஆம் தேதி தேசிய ஒற்றுமை நாள், அதையொட்டி ஊழல் தடுப்பு விழிப்புணர்வு வாரம், 14ஆம் தேதி குழந்தைகள் தினம், அன்றைக்கே நூலக வாரத் தொடக்கம், 19இல் ஒருமைப்பாட்டு வாரம், 26இல் அரசியலமைப்பு நாள். ஒவ்வொன்றுக்கும் உறுதிமொழி, படம், அறிக்கை. அடைமழைக் காலம். பாதிப் பிள்ளைகள்தான் வருகிறார்கள், அவர்களும் நனைந்துகொண்டு வருகிறார்கள். வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். என்ன சொன்னோம் என்று அரைமணி கழித்துக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

போன வாரம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், எல்லாத்துக்கும் ஒரு நாள் இருக்கே, நம்ம ஊருக்குன்னு ஒண்ணு கெடையாதா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நாட்களால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா ஐயா? எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த நேரத்தில் நாலு கணக்குச் சொல்லிக்கொடுத்தால் ஆகாதா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆசிரியை)

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நாட்கள் அதிகமாகிவிட்டன. ஒரு மாதத்துக்குள் ஆறு உறுதிமொழி என்றால் ஆறும் பிள்ளைகள் காதில் ஒன்றாகத்தான் விழும். நனைந்த பிள்ளையை ஈரத்தோடு நிறுத்தி வைத்துப் படம் எடுப்பது தப்பு. அந்தப் படம் வேண்டும் என்று மேலிருந்து கேட்பதை நிறுத்த வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டால் என்னால் சரி சொல்ல முடியவில்லை. நான் எட்டாவது படித்த வருஷத்து ஜனவரி 30 குறுக்கே வந்து நிற்கிறது.

காந்தியைச் சுட்ட நாள். தியாகிகள் தினம். காலை 11 மணிக்கு இரண்டு நிமிடம் மௌனம். அது முடிந்ததும் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. எங்கள் பள்ளியில் உறுதிமொழியை ஒரு பையன் முன்னால் நின்று வாசிப்பான், நாங்கள் பின்னால் சொல்வோம். அந்த வருஷம் வாசித்தவன் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். கணீரென்ற குரல் என்பதால் தலைமையாசிரியர் அவனைத் தேர்ந்தெடுத்தார். தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்டுவிட்டது என்று அந்தக் குரலில் அவன் வாசித்ததும் நாங்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னதும் இன்னும் காதில் இருக்கிறது.

அது சம்பா அறுவடை நேரம். சாயங்காலம் பள்ளி விட்டு வரும்போது கடைத்தெருவில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். கதிர் அரிவாளை இடுப்பில் செருகி, முதுகெல்லாம் சுணை ஒட்டி, நேராக வயலிலிருந்து வந்திருந்தார். டீக்கடைக்குள் பலகை மேல் கண்ணாடி கிளாஸ்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. வெளியே கீற்றுத் தட்டியில் அடித்த ஆணியில் நாலைந்து அலுமினியக் குவளைகள் தொங்கின. அவர் அதில் ஒன்றை எடுத்து, தானே கழுவி, கடைக்காரர் உயரத்திலிருந்து ஊற்றிய டீயை வாங்கிக்கொண்டு, ரோட்டோரம் குந்தினார். அந்தக் குவளையின் அடியில் ஒரு நசுங்கல் இருந்தது, அதனால் கீழே வைத்தால் சாயும். அவர் அதைக் கீழே வைக்காமலே குடித்து முடித்தார். என் நண்பன் பார்த்துக்கொண்டே நின்றான். தினமும் பார்க்கிற காட்சிதான் அது. அன்றைக்குத்தான் அவன் நின்று பார்த்தான்.

மறுநாள் தலைமையாசிரியரிடம் போய், "சார், நேத்து படிச்ச தாளைக் குடுங்க, டீக்கடைல போய்ப் படிக்கணும்" என்றான். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் அவரே கடைக்குப் போனார். உள்ளே போய் உட்காராமல் தட்டி ஓரம் நின்று, ஆணியிலிருந்து ஒரு குவளையை எடுத்து நீட்டினார். ஊரில் எல்லோரும் சார் என்று எழுந்து நிற்கிற மனிதர். கடைக்காரருக்குக் கை ஓடவில்லை. "நமக்கு எதுக்கு சார் அது" என்று கிளாஸை எடுத்தார். "நேத்து காலைல இவன் சொல்ல நாங்க எல்லாரும் திருப்பிச் சொன்னோம்ப்பா. சொன்னதுக்கப்புறம் வேற எதுல குடிக்கிறது?" என்றார் சார். குவளையில் வாங்கித்தான் குடித்தார். அதன்பின் பல நாள் அப்படியே குடித்தார். குவளைகள் அந்த வாரமே போய்விடவில்லை. ஊரில் முணுமுணுப்பும் இருந்தது. அடுத்த தை அறுவடைக்கு ஆணி மட்டும்தான் இருந்தது.

டீச்சர், அந்தத் தாள் மட்டும் இல்லாவிட்டால் பதின்மூன்று வயதுப் பையன் எதைப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றிருப்பான்? "எனக்கு இது பிடிக்கவில்லை" என்று சொன்னால் கேட்பார் யார்? அரசாங்கமே எழுதி, அரசாங்கமே வாசிக்கச் சொன்ன வார்த்தை அது. கடன் வாங்கியவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த புரோநோட்டு மாதிரி. நோட்டு எழுதிவிட்டதால் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் நோட்டைக் கையில் வைத்திருக்கிறவன் வாசலில் போய் நின்று கேட்கலாம். ஒன்றும் இல்லாத ஏழைக்கு இந்த நாட்கள் தருகிற பிடி அதுதான். அதைக் கிழித்துப் போடச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, அப்படியானால் ஏன் உங்கள் வராந்தாவில் அது செத்துக் கிடக்கிறது? டெல்லியிலும் சென்னையிலும் எழுதியதை அப்படியே வாசித்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். அதை நம் ஊர் மண்ணில் யாரும் ஊன்றுவதில்லை.

பிப்ரவரி 9ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கொத்தடிமை முறை ஒழிப்பு நாள். 1976இல் அந்தத் தேதியில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இதற்கும் ஓர் உறுதிமொழி உண்டு, வாசித்திருப்பீர்கள். ஆனால் அதை நீங்கள் வாசிப்பது எந்த ஊரில்? சட்டம் வருவதற்கு முப்பது வருஷம் முன்பே பண்ணையாட்கள் எழுந்து நின்ற மண்ணில். சவுக்கடியும் சாணிப்பாலும் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கொடுத்த தண்டனைகள். சாணத்தைக் கரைத்து மனிதன் வாயில் ஊற்றினார்கள். அதை எதிர்த்து ஆட்களைத் திரட்டியவர் பி. சீனிவாசராவ். கன்னட நாட்டில் பிறந்து, தமிழைக் கற்றுக்கொண்டு, சேரியிலேயே தங்கி, அவர்கள் வீட்டுக் கஞ்சியைக் குடித்து வேலை செய்த மனிதர். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் இனி இல்லை என்று மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சீனிவாசராவ் 1961இல் காலமானார். அவர் நினைவிடம் உங்கள் திருத்துறைப்பூண்டியிலேயே இருக்கிறது. பிள்ளைகளைப் பிப்ரவரி 9 அன்று அங்கே கூட்டிக்கொண்டு போய் அந்த உறுதிமொழியைச் சொல்லச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடமும் அப்பாயியிடமும் சாணிப்பால் என்றால் என்ன என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், ரொம்ப நாளைக்கு இருக்கமாட்டார்கள்.

இது பழங்கதை மட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை வேரோடு சாய்த்துப் போட்ட பிறகு, கடனுக்காக ஆட்டுக்கிடையில் விடப்பட்ட சிறுவர்களைத் தஞ்சைப் பக்கம் அதிகாரிகள் மீட்ட செய்திகள் வந்தன. ஒரு பையன் பள்ளிக்கு வருவது நின்றுபோனால் முதலில் கண்ணில் படுவது உங்கள் வருகைப் பதிவேட்டில்தான். ஆட்சியர் அலுவலகத்துக்கு அது தெரிய வருவதற்குள் எத்தனையோ மாதம் ஆகிவிடும்.

இன்னொன்று, தீத்தொண்டு வாரம். ஏப்ரல் 14 முதல் 20 வரை. 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. தீயை அணைக்கப் போன வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாக நாடு முழுக்க நடக்கிறது. நடக்க வேண்டியதுதான். வேலைக்குப் போன இடத்தில் வெந்துபோன மனிதர்கள் அவர்கள். ஆனால் டெல்டாவில் ஒரு பிள்ளையிடம் தீ என்று பேச ஆரம்பித்தால் கும்பகோணத்தைத் தாண்டிப் பேச முடியுமா? 2004 ஜூலை 16. அங்கே ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்கு ஏறி, மாடி வகுப்பில் இருந்த பிள்ளைகள் 94 பேரைக் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் பள்ளி இருந்த காசிராமன் தெருவில் பெற்றோர்கள் பிள்ளைகளின் படத்தை வைத்து, அவர்கள் ஆசையாய்ச் சாப்பிட்டதை வாங்கி வந்து படைக்கிறார்கள். ஒரு அம்மா சாக்லேட்டின் தாளைப் பிரித்துவிட்டு வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குப் பிரிக்கத் தெரியாது என்கிற மாதிரி. அதைப் பார்த்த பிறகு அங்கே என்னால் நிற்க முடியவில்லை.

அந்தப் பெற்றோர்கள் ஜூலை 16ஐக் குழந்தைகள் பாதுகாப்பு நாளாக அறிவிக்கச் சொல்லிக் கேட்டு வந்திருக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். பெற்ற பிள்ளையை எரியக் கொடுத்தவர்கள் கேட்பது ஒரு நாளை. நாளால் என்ன பிரயோஜனம் என்று அவர்களிடம் கேட்க முடியுமா? அப்படி ஒரு நாள் இருந்தால், அன்றைக்காவது ஒவ்வொரு பள்ளியிலும் யாராவது ஒருவர் மாடிப்படியின் அகலத்தை ஏறிட்டுப் பார்ப்பார், சமையலறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பார், பூட்டிக் கிடக்கிற கதவைத் திறந்து வைப்பார். அறிவிப்பு வருகிறவரை காத்திருக்க வேண்டாம் டீச்சர். உங்கள் பள்ளியில் நீங்களே ஜூலை 16 அன்று செய்துவிடலாம்.

அரசாங்கம் அறிவிக்காத நாட்களும் இந்த மண்ணில் உயிரோடுதான் இருக்கின்றன. டிசம்பர் 23 தேசிய விவசாயிகள் தினம், அது நாட்காட்டியில் இருக்கிறது. இரண்டு நாள் தள்ளி டிசம்பர் 25. கூலி நெல் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காக 1968இல் கீழவெண்மணியில் குடிசைக்குள் வைத்து 44 பேரை எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எந்த நாட்காட்டியும் சொல்லாமலே ஒவ்வொரு வருஷமும் ஜனங்கள் அங்கே போகிறார்கள். விவசாயிகள் தினத்தைப் பற்றிப் பள்ளியில் பேசும்போது, நாற்று நடுகிற பெண்ணும் விவசாயிதானே என்று ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். மிச்சத்தைப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இனி உங்கள் ஏழாம் வகுப்புப் பையனுக்கு வருகிறேன். அவனுக்கு நான் சொல்வேன்: இருக்கிறது தம்பி, ஏப்ரல் 30.

1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். கல்லணைக்குக் கீழே, நம் ஊர்களின் வழியாகத்தான். உங்கள் திருத்துறைப்பூண்டி வழியாகவும் போனார்கள். இவர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் எச்சரித்தார். அப்படியும் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் கட்டினார்கள் என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பை அள்ளினார்கள்.

அந்த நாட்களில் வேதாரண்யத்தில் வைரப்பன் என்று ஒரு முடிதிருத்தும் தொழிலாளி. போலீஸ்காரர்களுக்குச் சவரம் செய்வதில்லை என்று முடிவெடுத்தவர். மாறுவேடத்தில் வந்த ஒருவருக்குத் தெரியாமல் ஆரம்பித்துவிட்டார். பாதி முகத்தில் இருக்கும்போது அவர் போலீஸ் என்று தெரிந்தது. கத்தியை மடித்து வைத்துவிட்டார். மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, மீதியைச் செய்துமுடி என்றார்கள். பெட்டியை மாஜிஸ்திரேட் பக்கம் நகர்த்தி, "நீங்களே செஞ்சு விடுங்க" என்று சொல்லிவிட்டுச் சிறைக்குப் போனார். அவருக்கு வேதாரண்யத்தில் ஒரு நினைவுத்தூண் இருக்கிறது.

உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான். ஏப்ரல் கடைசியில் விடுமுறை விட்டுவிடுவீர்கள், அதனால் 13ஆம் தேதியை ஒட்டி ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். மடக்கு நாற்காலி, படம் எடுப்பது எதுவும் வேண்டாம். பையன்களைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நானும் வந்துவிடுகிறேன். தூணில் எழுதியிருப்பதை அந்தப் பையனே சத்தமாக வாசிக்கட்டும்.