சுரங்கப் பங்குகளும் தொழிலாளர் பாதுகாப்பும்: கேள்வி பதில்

கேள்வி: நான் வாங்க நினைக்கும் சுரங்க நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் காய விகிதம் ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. இதை நம்பலாமா?

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். பல நிறுவனங்கள் பத்து லட்சம் வேலை மணி நேரத்துக்கு எத்தனை காயங்கள் என்று கணக்கிடுகின்றன. அமெரிக்க நிறுவனங்கள் பெரும்பாலும் 2,00,000 மணி நேரத்துக்குக் கணக்கிடுவதால், இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் பின்னது ஐந்து மடங்கு பாதுகாப்பானதாகத் தோன்றும். காலில் அடிபட்டவரை மறுநாளே மேசை வேலையில் உட்கார வைத்துவிட்டால், 'வேலைநாள் இழப்பு' என்ற கணக்கில் அவர் வரவே மாட்டார். 2010இல் 29 பேரைப் பலிகொண்ட அமெரிக்காவின் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில், ஆபத்துகளை உள்ளபடி எழுதிய பதிவேடு ஒன்றும், ஆய்வாளர்களுக்குக் காட்டுவதற்கு வேறொன்றுமாக இரண்டு இருந்ததை விசாரணை வெளிக்கொணர்ந்தது.

கேள்வி: அப்படியானால் எதைப் பார்ப்பது?

பதில்: முதலில் உயிரிழப்பு. காயத்தை மறைப்பது எளிது, மரணத்தை மறைப்பது கடினம். ஆபத்தான வேலைகள் பலவும் ஒப்பந்தத் தொழிலாளர்களிடமே விடப்படுவதால், அந்த எண்ணிக்கையில் அவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்களா என்று அடிக்குறிப்பு வரை படித்துப் பாருங்கள்.

அடுத்தது கழிவுத் தேக்க அணை, அதாவது தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் சேற்றைத் தேக்கி வைக்கும் அணை. பிரேசிலின் புருமாடின்யோவில் வாலே நிறுவனத்தின் இரும்புத்தாதுச் சுரங்க அணை 2019 ஜனவரி 25 அன்று உடைந்து ஏறத்தாழ 270 பேர் இறந்தனர்; பெரும்பாலோர் அங்கு வேலை செய்தவர்கள். அணை உறுதியாக உள்ளது என்ற சான்றிதழ் சில மாதங்களுக்கு முன்புதான் தரப்பட்டிருந்தது. தொழிலாளர் உணவகமோ அணைக்கு நேர் கீழே, சேறு பாயும் வழியில் இருந்தது. எந்தக் காய விகிதமும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. ஆகவே, எத்தனை அணைகள், அவற்றில் பழைய கழிவின் மேலேயே கரையை உயர்த்திக் கட்டியவை எத்தனை, உடைந்தால் கீழே யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2020இல் வெளியான கழிவு மேலாண்மைக்கான உலகளாவிய தரநிலையை நிறுவனம் பின்பற்றுகிறதா என்பதும் தெரிய வேண்டும்.

கேள்வி: தூசியால் வரும் நோய்கள் கணக்கில் வருமா?

பதில்: பெரும்பாலும் வருவதில்லை. கல்தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயான சிலிகோசிஸ் பல ஆண்டுகள் கழித்து, தொழிலாளி வேலையை விட்ட பிறகும் தலைகாட்டும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க நிறுவனங்கள் சில, நோயுற்ற தொழிலாளர்களுக்காகச் செய்துகொண்ட ஏறத்தாழ 500 கோடி ராண்ட் சமரசத்தை நீதிமன்றம் 2019இல் ஏற்றது. பழைய தூசி பங்குதாரரின் கணக்கில் கடனாகத் திரும்பி வரும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

கேள்வி: தவறு தெரிந்தால் விற்பதா, வைத்திருந்து கேள்வி கேட்பதா?

பதில்: நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2020இல் வாலேயைத் தன் முதலீட்டுப் பட்டியலிலிருந்து விலக்கியது. மாறாக, இங்கிலாந்துத் திருச்சபையின் ஓய்வூதிய வாரியமும் சுவீடனின் பொது ஓய்வூதிய நிதிகளும் நூற்றுக்கணக்கான நிறுவனங்களிடம் அணை விவரங்களைக் கேட்டுப் பெற்றன. தகவல் தர மறுக்கும் நிறுவனத்தை விற்றுவிடலாம், தருகிறவரிடம் வாக்குரிமையைப் பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. குறிப்பாக, மரணம் நிகழ்ந்த ஆண்டிலும் தலைமை நிர்வாகிக்கு முழு போனஸ் தரும் தீர்மானத்துக்கு எதிராக வாக்களியுங்கள்.

கேள்வி: பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் குறியீட்டு நிதி மட்டுமே எனக்கு உண்டு.

பதில்: அப்படியானால் உங்கள் வாக்கு நிதி மேலாளரிடம் இருக்கிறது. அவர் எப்படி வாக்களித்தார் என்ற பதிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.