கை வலிக்காத கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிருஷ்ணகிரியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், எந்தக் கிட்டார் வாங்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். இந்த முறை வந்தவற்றில் ஐந்து.

மகளுக்கு ஒன்பது வயது. எப்படியும் வளர்ந்துவிடுவாள், முழு சைஸே வாங்கிவிடலாமா சார்? (பாலக்கோடு)

வேண்டாம்மா. பள்ளிச் சீருடை மாதிரி வளர்த்தியாக எடுத்து வைக்கிற பொருள் இல்லை இது. முழு சைஸ் கிளாசிக்கலில் (நைலான் தந்திக் கிட்டார்) நட்டுக்கும், அதாவது தலைப்பக்கம் தந்திகள் தாங்கி நிற்கிற பட்டைக்கும், உடல்பக்கம் தாங்குகிற சேடிலுக்கும் நடுவே தந்தியின் நீளம் 650 மில்லிமீட்டர். முக்கால் சைஸில் சுமார் 580. கடையில் மகளை உட்காரவைத்து முதல் ஃப்ரெட்டை (கழுத்துப் பகுதியின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளில் நட்டுக்கு அடுத்தது) தொடச் சொல்லுங்கள். இடது கை விறைத்து நீண்டு, தோள் முன்னால் இழுபட்டால் அது அவளுக்குப் பெரிது. பெரும்பாலும் முக்கால் சைஸ் சரியாக இருக்கும்.

சினிமாப் பாட்டு வாசிக்கத்தான் ஆசை. கிளாசிக்கல் கிட்டார் வாங்கினால் வீணாகிவிடுமா? (அரூர், கல்லூரி மாணவர்)

வீணாகாது தம்பி. 'கிளாசிக்கல்' என்பது கிட்டாரின் வகைதான், அதில் என்ன பாட்டு வாசிப்பது என்பது உங்கள் விருப்பம். நைலான் தந்தி விரல் நுனிக்கு மென்மை. நட்டின் அகலம் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் தந்தி அக்கூஸ்டிக்கில் 43 அளவுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு தந்தியாக விரலால் மீட்டுகிறவருக்குக் கிளாசிக்கல் வசதி. ஆனால் நண்பர்கள் கூடிப் பாடும்போது பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) பிடித்து ஓங்கி அடிப்பதுதான் உங்கள் கனவு என்றால் ஸ்டீல் தந்திக்கே போங்கள்.

ஆன்லைனில் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விரல் எரிகிறது, எஃப் கார்டு (பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் ஒரு பிடி) பிடிக்கவே முடியவில்லை. எனக்கு கிட்டார் வராதோ? (கிருஷ்ணகிரி)

இப்படிக் கேட்டு விட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. பல சமயம் குறை விரலில் இல்லை, தந்தியின் உயரத்தில் இருக்கிறது. அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். ஏடிஎம் கார்டு ஒன்றின் கனம் கிட்டத்தட்ட முக்கால் மில்லிமீட்டர். எழுத்து புடைக்காத கார்டுகளாக நான்கை அடுக்கி, 12ஆவது ஃப்ரெட்டின் மேல், மெல்லிய முதல் தந்திக்கு அடியில் செருகுங்கள். தந்தியைத் தூக்காமல் உரசிக்கொண்டு நுழைந்தால் உயரம் 3 மில்லிமீட்டர், நைலான் தந்திக் கிட்டாருக்கு அது சரியான அளவு. தடித்த ஆறாவது தந்திக்கு ஐந்து கார்டு. ஆறு, ஏழு கார்டு தாராளமாகப் போகிறது என்றால் உங்கள் விரல் எரியாமல் என்ன செய்யும்?

சரி, எப்படி இறக்குவது? உடலின் மேல் தந்திகளைக் கட்டுகிற மரக்கட்டைதான் பிரிட்ஜ், அதில் தந்திகள் ஏறி நிற்கிற வெள்ளைப் பட்டைதான் சேடில். தந்திகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும். அதன் அடிப்பக்கத்தை மட்டும், கண்ணாடி மேல் விரித்த உப்புத்தாளில் சமமாகத் தேய்க்க வேண்டும். 12ஆவது ஃப்ரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைய வேண்டும். ஒரேயடியாகத் தேய்க்காதீர்கள், கொஞ்சம் தேய்த்து, தந்தியை ஏற்றி, மறுபடி அளந்து பாருங்கள். உதிரி சேடில் ஒன்றை முன்பே வாங்கி வைத்துக்கொண்டால் பயமில்லாமல் செய்யலாம். அப்புறம் எஃப் கார்டைப் பிடித்துப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

மாமா வீட்டுப் பரணில் இருந்த கிளாசிக்கல் கிட்டார் கிடைத்தது. சத்தம் கூட வர ஸ்டீல் தந்தி போடலாமா? (பென்னாகரம்)

போடவே கூடாது. ஆறு நைலான் தந்திகளும் சேர்ந்து இழுக்கிற விசை ஏறக்குறைய 40 கிலோ. சாதாரண ஸ்டீல் தந்தி செட் 70 கிலோவைத் தாண்டும். கிளாசிக்கலின் மேல்பலகையும் உள்ளே விசிறிபோல ஒட்டிய மெல்லிய பட்டைகளும் அந்த இழுப்புக்குச் செய்யப்பட்டவை அல்ல. பல கிளாசிக்கல்களில் நெக்குக்குள் இரும்புக் கம்பியும் கிடையாது. என்னிடம் வந்த ஒரு கிட்டாரில் பிரிட்ஜ் பாதி பெயர்ந்து, கீழே ஒட்டியிருந்த மரநாரோடு வாய் பிளந்து நின்றது. புது நைலான் தந்தி மாற்றுங்கள், சத்தம் தானாகத் திறக்கும். முதல் சில நாள் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நைலான் இழுபட்டுப் படிகிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று: அதை மறுபடி பரணில் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே பசை இளகும், மரம் காய்ந்து வெடிக்கும்.

8,000 ரூபாய்தான் இருக்கிறது. புதிதா, பெங்களூரில் பழையதா? சாலிட் டாப் தேடவா? (ஓசூர்)

இந்தத் தொகைக்குச் சாலிட் டாப்பைத் துரத்த வேண்டாம். அடுக்கு ஒட்டாத ஒற்றைப் பலகையில் செய்த டாப்பின் (மேல்பலகையின்) நாதம் அருமைதான், ஆனால் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அதற்குக் கவனிப்பு அதிகம் வேண்டும். பலர் தொடங்குகிற யமஹா சி40யின் டாப்பே ஒட்டுப்பலகைதான், முதல் சில வருடங்களுக்கு அது தாராளம். விற்கிறவர் சாலிட் என்றால் நடு ஓட்டையின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே தெரிகிற மரவரிகள் விளிம்பின் கனத்திலும் அப்படியே இறங்கினால் ஒற்றைப் பலகை. அடுக்கடுக்காகத் தெரிந்தால் ஒட்டுப்பலகை.

நீங்கள் ஓசூர்க்காரர், பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அதனால் நேரில் போய்ப் பழையதையே பார்க்கச் சொல்வேன். நான்கு கார்டு சோதனையை அங்கேயே செய்யுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது, வேண்டாம். போனில் டியூனர் ஆப்பைத் திறந்து, ஒவ்வொரு தந்தியையும் எங்கும் அழுத்தாமல் மீட்டிச் சுருதி சேர்த்தபின் 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரத்தின் மேல் ஸ்தாயி பிசகாமல் வர வேண்டும். தெளிவாக விலகினால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். மிச்சப்படும் பணத்தில் நல்ல தந்தி செட் ஒன்றும் கால் வைக்கிற சின்ன ஸ்டூலும் வாங்கிக்கொள்ளுங்கள்.