'பொஹ்தான்' என்ற பெயருக்கு என்ன பொருள்? அது ரஷ்யப் பெயரா?

'கடவுள் கொடுத்தவன்' என்று பொருள். 'போஹ்' கடவுள், 'தான்' கொடுக்கப்பட்டவன். ரஷ்யாவிலும் இந்தப் பெயர் உண்டு. ஆனால் ரஷ்யப் பெயர் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். உக்ரைன், போலந்து, செர்பியா எல்லா இடத்திலும் இருக்கிறது. ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ் எல்லாம் ஸ்லாவிய மொழிகள். அந்த மொழி பேசாத ருமேனியாவில்கூடப் பரவலான பெயர். 14ஆம் நூற்றாண்டில் மால்தாவியாவை (இன்றைய ருமேனியா, மால்டோவா பக்கத்து நாடு அது) தனி அரசாக்கியவர் பெயரும் இதுதான்.

நீங்கள் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி ஆட்களோடு வேலை பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மீட்டிங்கில் ஒருவரிடம் "ரஷ்யாவா நீங்கள்?" என்று கேட்டிருப்பீர்கள், அவர் முகம் சுருங்கியிருக்கும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

2012 முதல் 2018 வரை உக்ரைனில் வின்னிட்சியா நகரில் மருத்துவம் படித்தேன். நான்காம் ஆண்டில் ஹாஸ்டலை விட்டு ஒரு பாட்டி வீட்டில் வாடகைக்கு அறை எடுத்தேன். அவருடைய பேரனுக்கு ஆறு வயது, பெயர் பொஹ்தான். எனக்கு அப்போது கொஞ்சம் ரஷ்ய மொழிதான் தெரியும். அதனால் ரஷ்யர்கள் சொல்வதுபோல 'போக்-தான்' என்று அழுத்திக் கூப்பிடுவேன். அவன் திரும்பிப் பார்க்கவே மாட்டான்.

ஒரு ஜனவரி மாதம், வெளியே எல்லாம் பனி. அவன் என் கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடிக்கு வெகு அருகில் வாயை வைத்து 'போஹ்' என்றான். கண்ணாடியில் ஆவி படிந்தது. அப்புறம் என்னைச் சொல்லச் சொன்னான். நான் 'போக்' என்றேன், கண்ணாடி அப்படியே இருந்தது. ஆவி படியும்வரை விடவில்லை. அந்த எழுத்தை உக்ரைனியர்கள் காற்றாகச் சொல்வார்கள், ரஷ்யர்கள் அழுத்திச் சொல்வார்கள். நாம் 'மகன்' என்று சொல்லும்போது நடுவில் ககரம் எப்படி மெலிந்து வருகிறது? கிட்டத்தட்ட அந்த ஒலிதான். வாயில் இருந்ததைத்தான் நான் வெளியே தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் அவனிடம் கற்றேன். கூப்பிடும்போது பொஹ்தான் என்று கூப்பிடக் கூடாது, 'பொஹ்தானே!' என்று கூப்பிட வேண்டும். முருகன், முருகா ஆவதுபோல அவர்களுக்கும் விளி வேற்றுமை உண்டு. ரஷ்ய மொழியில் அது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பாட்டியின் மகளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம் குழந்தை இல்லை. பிறகு பிறந்தவன் இவன். "போஹ் தாவ்" என்பார் பாட்டி. கடவுள் கொடுத்தார் என்று அர்த்தம். பெயருக்கு விளக்கம் என்று அதற்கு மேல் அவர் எதுவும் சொன்னதில்லை.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? நான் மொழியியல் படித்தவன் இல்லை, தப்பு இருந்தால் திருத்துங்கள், சண்டைக்கு வராதீர்கள். ஸ்லாவிய 'போக்', பழைய பாரசீக 'பக', நம் 'பகவான்' என்ற சொல்லில் உள்ள 'பக' மூன்றும் உறவுச் சொற்கள். அது பாரசீகக் கிளையிலிருந்து வாங்கிய கடனா, பொது வேரா என்று அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. 'தான்' நம் 'தானம்' பக்கத்துச் சொல். வடமொழி தேவதத்தன், கிரேக்க தியோடோர் இரண்டுக்கும் இதே பொருள்தான். கோயில் கல்வெட்டுகளில் வரும் 'தேவதானம்' கடவுளுக்குக் கொடுத்தது, இது கடவுள் கொடுத்தது.

நான் படித்த காலத்தில் அங்கே ஐந்து ஹ்ரிவ்னியா (உக்ரைன் பணம்) நோட்டில் பொஹ்தான் க்மெல்னிட்ஸ்கி படம் இருந்தது. 1648இல் போலந்து ஆட்சியை எதிர்த்துக் கிளர்ச்சி செய்த, கொசாக் என்ற போர்வீரர் கூட்டத்தின் தலைவர். அவருடைய ஞானஸ்நானப் பெயர் சினோவி, ஆனால் ஊர் அறிந்தது பொஹ்தானைத்தான். அவரைப் புகழ்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். அந்தக் கிளர்ச்சியில் யூதர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், தெரிந்துதான் பெயரைச் சொல்கிறேன்.

பெயர் என்று பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லோருக்கும் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் ஒட்டிவரும். பொஹ்தானின் மகன் என்றால் பொஹ்தானோவிச். நம் இனிஷியலும் அதே வேலையைத்தானே செய்கிறது? அவர்களுக்கு அது சொன்னவுடன் புரிந்தது. இங்கே திரும்பி வந்தபிறகு ஓர் அலுவலகத்தில் புரியவில்லை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒற்றை எழுத்து. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. என் அப்பா நேரில் வந்து நின்றும் அந்த ஒரு எழுத்து அவர்தான் என்று ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

2022 ஜூலை 14 அன்று வின்னிட்சியா நகரின் நடுவில் ஏவுகணைகள் விழுந்தன. செய்தியைப் பார்த்ததும் பாட்டிக்கு போன் போட்டேன். நாலு தடவை எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை பையன் எடுத்தான். "பொஹ்தானே!" என்றேன். "சரியாகச் சொல்கிறாயே" என்றான்.